டேகேர் சுவரில் லைசென்ஸ் தொங்குகிறது. அப்புறம்?

வெளிநாட்டில் வந்து இறங்கிய புதிதில் வீடு, வங்கிக் கணக்கு, வேலை என்று ஓடிக்கொண்டிருப்போம். டேகேர் கடைசியில்தான் நினைவுக்கு வரும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டியும் தாத்தாவும் பக்கத்தில் இல்லை. நல்ல இடங்களில் எல்லாம் வெயிட்டிங் லிஸ்ட். மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு ஒரு நாள், "ஒரு இடம் காலியாகியிருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்" என்று போன் வந்தால், கிடைத்ததே போதும் என்று கையெழுத்துப் போட்டுவிடுவோம். நாங்களும் அப்படித்தான் போட்டோம். இரண்டு மாதத்தில் பிள்ளையை வேறு இடத்துக்கு மாற்றினோம். அங்கே பட்டதையும், மாற்றுவதற்காக நாலைந்து டேகேர்களில் ஏறி இறங்கியபோது கண்டதையும் வைத்து இதை எழுதுகிறேன்.

லைசென்ஸ் இருந்தால் மற்றதை அரசு பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கிறோம். ஸ்டாஃபின் பின்னணியைச் சரிபார்த்திருக்கிறார்கள், தீப்பிடித்தால் வெளியேற வழி இருக்கிறது, இத்தனை பிள்ளைகளுக்கு மேல் சேர்க்க முடியாது, அவ்வப்போது அதிகாரி வந்து சோதிப்பார். லைசென்ஸ் இவ்வளவுக்குத்தான் உத்தரவாதம். எதுவுமே இல்லாத இடத்தைவிட இது எவ்வளவோ மேல், அதில் சந்தேகமில்லை. ஆனால் டிரைவிங் லைசென்ஸ் வைத்திருக்கிற எல்லோருமா ஒழுங்காக வண்டி ஓட்டுகிறார்கள்? அந்தத் தாளின் முன்னால் ஒரு நிமிடம் நின்று படியுங்கள். முகவரி இதே முகவரிதானா, எப்போது காலாவதியாகிறது, எந்த வயதில் எத்தனை பிள்ளைகளுக்கு அனுமதி, கீழே நிபந்தனை ஏதாவது எழுதியிருக்கிறதா. தற்காலிக லைசென்ஸ் என்றால் ஏன் என்று கேட்டுவிடுங்கள்.

இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டை, டேகேருக்குப் போவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து படித்துவிடலாம். இதையெல்லாம் வெளியே காட்ட மாட்டார்கள் என்று நினைத்து நம்மில் பலர் தேடுவதே இல்லை. காட்டுகிறார்கள். இங்கிலாந்தில் டேகேர்களைச் சோதிக்கிற ஆஃப்ஸ்டெட் என்ற அரசு அமைப்பின் தளத்தில் இருக்கும். கனடாவின் ஒன்டாரியோவில் மாகாண அரசின் டேகேர் தேடும் பக்கத்தில் இருக்கும். ஆஸ்திரேலியாவில் 7 அம்சங்களில் தரம் பார்த்து மதிப்பீடு கொடுக்கிறார்கள், அதை டேகேர் வாசலிலேயே மாட்டி வைக்க வேண்டும். அமெரிக்காவில் சோதனை முடிவுகளை மாநிலங்கள் இணையத்தில் போட வேண்டும் என்று 2014-இல் மத்திய சட்டமே வந்துவிட்டது.

இந்த ரிப்போர்ட்டைப் படிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரு மீறல்கூட இல்லாத டேகேர் வேண்டும் என்று தேடினால் கிடைக்காது. ஒரு ஆசிரியையின் முதலுதவிச் சான்றிதழ் காலாவதியாகியிருந்தது, ஒரு பிள்ளையின் தடுப்பூசித் தாள் கோப்பில் இல்லை என்பதெல்லாம் எங்கேயும் நடக்கிற காகித வேலைத் தவறுகள். அதற்காக ஒரு இடத்தைத் தள்ளிவிடாதீர்கள். பிள்ளையை விளையாட்டுத் திடலில் விட்டுவிட்டு எல்லோரும் உள்ளே போயிருந்தார்கள், ஒரு ஆசிரியையிடம் அளவுக்கு மேல் பிள்ளைகள் இருந்தார்கள், பிள்ளையிடம் கடுமையாக நடந்துகொண்டார்கள் என்று இருந்தால் அது வேறு கதை. அதைவிட முக்கியம், திரும்பத் திரும்ப வருவது. இந்த ஆண்டு எழுதிய அதே குறை போன ஆண்டும் அதற்கு முந்தைய ஆண்டும் இருந்தால், அதிகாரி வரும் அன்றைக்கு மட்டும் சரிசெய்கிறார்கள் என்று அர்த்தம். அதனால் கடைசி ரிப்போர்ட்டோடு நிறுத்தாமல் மூன்று, நான்கு ஆண்டுகள் பின்னால் போய்ப் பாருங்கள்.

நேரில் போகும்போது முதல் சோதனை கதவு. நீங்கள் யார் என்று ஒருவரும் கேட்காமல் உள்ளே போக முடிந்ததா? வேறொரு தாய் வெளியே வரும்போது மரியாதைக்குக் கதவைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் அப்படியே நுழைந்துவிட்டீர்களா? உங்களால் முடிந்தால் யாராலும் முடியும். பிள்ளையை அழைத்துப் போக வருபவரிடம், பட்டியலில் பெயர் இருந்தாலும், முகம் பழகும்வரை அடையாள அட்டை கேட்க வேண்டும். முதல் வாரம் உங்களிடமே கேட்டால் எரிச்சல்படாதீர்கள், அது நல்ல அறிகுறி.

அப்புறம் தலைகளை எண்ணுங்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இங்கிலாந்தில் 3 பேருக்கு ஒருவர், ஆஸ்திரேலியாவில் 4 பேருக்கு ஒருவர். ஒன்டாரியோவில் 18 மாதத்துக்குக் கீழே 10 பிள்ளைகளுக்கு 3 பேர், அதிலிருந்து இரண்டரை வயதுவரை 5 பேருக்கு ஒருவர். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், உங்கள் மாநிலக் கணக்கைப் பார்த்துக்கொண்டு போங்கள். மேனேஜர் சொல்லும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நாங்கள் முதலில் போன இடத்தில் 12 பிள்ளைகளுக்கு 3 பேர் என்றார்கள். கேட்க நன்றாக இருந்தது. அந்த அறையில் நான் நின்ற கால் மணி நேரமும் ஒருவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார், இன்னொருவர் மேசையில் ஏதோ படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். பிள்ளைகளின் பக்கம் முகம் திரும்பியிருந்தது ஒருவருக்கு மட்டும்தான். அது அன்றைக்கே என் கண்ணில் பட்டது. மூளையில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

எந்த நேரத்தில் போகிறீர்கள் என்பதும் முக்கியம். காலை 10 மணிக்குத்தான் பெரும்பாலும் வரச் சொல்வார்கள். அப்போது எல்லாப் பிள்ளைகளும் பசியில்லாமல், தூக்கக் கலக்கமில்லாமல், வட்டமாக உட்கார்ந்து பாடிக்கொண்டிருப்பார்கள். சரி, அதையும் பாருங்கள். ஆனால் இன்னொரு முறை மதியச் சாப்பாடு முடிந்து தூங்க வைக்கும் நேரத்திலோ, மாலையில் கடைசி ஒரு மணி நேரத்திலோ பார்க்க அனுமதி கேளுங்கள். ஒரு பிள்ளைக்கு டயபர் மாற்ற வேண்டும், ஒன்று அழுகிறது, ஒன்று கட்டிலில் ஏறி நிற்கிறது, ஒரு ஆசிரியை இடைவேளைக்குப் போயிருக்கிறார். டேகேரின் உண்மை முகம் அப்போதுதான் தெரியும். மாலையில் ஸ்டாஃப் ஒவ்வொருவராகக் கிளம்பும்போது இரண்டு அறைப் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்ப்பார்கள். கைக்குழந்தையும் நான்கு வயதுப் பிள்ளையும் ஒரே அறையில் இருந்தால் கீழே கிடக்கும் பொம்மைகளின் அளவைக் கவனியுங்கள்.

ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் தூங்கும் அறையை உள்ளே போய்ப் பார்க்காமல் வராதீர்கள். மல்லாக்கப் படுக்க வைத்திருக்க வேண்டும். மெத்தை கெட்டியாக, சமமாக இருக்க வேண்டும். தலையணை, தளர்ந்த போர்வை, துணி பொம்மை எதுவும் தொட்டிலில் கூடாது. குளிருமே என்று நீங்கள் ஒரு போர்வை கொடுத்தனுப்பினால், வாங்க மறுக்கிற டேகேர்தான் நல்ல டேகேர். அதற்குப் பதில் உடம்போடு ஜிப் போட்டு மாட்டும் தூக்கப் பை கேட்பார்கள். கார் சீட்டிலோ ஊஞ்சலிலோ தூங்கிவிட்ட பிள்ளையைத் தூக்கித் தொட்டிலுக்கு மாற்ற வேண்டும். அறை கும்மிருட்டாக இருக்கக் கூடாது, பிள்ளையின் முகமும் உதட்டின் நிறமும் தெரிகிற அளவு வெளிச்சம் வேண்டும். பல இடங்களில் குறிப்பிட்ட நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்து ஒரு தாளில் குறிப்பார்கள். நாங்கள் பிள்ளையை மாற்றியது அந்தத் தாளால்தான். டாக்டரிடம் போக வேண்டும் என்று ஒரு நாள் 12:40-க்குப் போய் நின்றேன். தொட்டிலுக்கு மேலே மாட்டியிருந்த தாளில் 2 மணிவரை கட்டம் கட்டமாக டிக் போட்டு, கையெழுத்தும் போட்டிருந்தது.

டயபர் மாற்றும் இடத்தைப் பார்க்கக் கூச்சப்படாதீர்கள். மாற்றிய பிறகு ஆசிரியை கை கழுவுகிறாரா, பிள்ளையின் கையையும் கழுவுகிறாரா, மேடையைத் துடைக்கிறாரா? கையுறை போட்டாலும் கழுவித்தான் ஆக வேண்டும். பால் பாட்டில் கழுவும் அதே சிங்க்கில் அந்தக் கையையும் கழுவினால், மாதம் இரண்டு முறை வயிற்றுப்போக்குக்கு லீவு போடத் தயாராக இருங்கள். சாப்பாட்டில் பார்க்க வேண்டியது மூச்சுக்குழாயில் அடைக்கிற பொருள்கள்: முழுத் திராட்சை, கொட்டை வகைகள், பாப்கார்ன். திராட்சையை நீளவாக்கில் வெட்டித்தான் கொடுக்க வேண்டும். அலர்ஜி உள்ள பிள்ளை என்றால் ஊசி மருந்து எங்கே இருக்கிறது என்று மேனேஜரிடம் கேட்காமல் அறையில் இருக்கும் ஆசிரியையிடம் கேளுங்கள். அவர் யோசிக்காமல் கையைக் காட்ட வேண்டும்.

இதுவரை சொன்னது பாதுகாப்பு. தரம் என்பது பேச்சில் தெரியும். ஆசிரியை பிள்ளையிடம் குனிந்தோ உட்கார்ந்தோ பேசுகிறாரா, அறையின் அந்தக் கோடியிலிருந்து பெயரைக் கத்துகிறாரா? பேச்சே வராத குழந்தை "ஆ" என்றால் யாராவது பதில் சொல்கிறார்களா? அழுகிற பிள்ளை எவ்வளவு நேரம் அழுகிறது? சுவரில் ஒரே மாதிரி வெட்டி ஒட்டிய 12 மீன்கள் இருந்தால் அதைச் செய்தது பிள்ளைகள் இல்லை, கோணல்மாணலான கிறுக்கல்களே எனக்குப் பிடிக்கும். டிவி ஓடினால் கேளுங்கள். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், அதற்கு மேல் ஐந்து வயதுக்குள் நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இலேயே சொல்லிவிட்டது.

கேள்வி கேட்டால் தவறாக நினைப்பார்கள் என்று நமக்கு ஒரு தயக்கம், அதோடு ஆங்கிலத் தயக்கமும். தாளில் எழுதிக் கொண்டுபோய்ப் பார்த்தே படியுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள். நான் எல்லா இடத்திலும் கேட்ட கேள்வி: "ஒரு பிள்ளை இன்னொன்றைக் கடித்துவிட்டால் என்ன செய்வீர்கள்?" ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளைகள் கடிக்கத்தான் செய்யும். எங்கள் டேகேரில் யாரும் கடிப்பதில்லை என்று சொன்ன இடத்திலிருந்து நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இன்னொன்று, இந்த அறை ஆசிரியை இங்கே எத்தனை நாளாக இருக்கிறார் என்பது. எல்லோரும் ஆறு மாதத்துக்குள் சேர்ந்தவர்கள் என்றால் பழையவர்கள் ஏன் போனார்கள் என்று யோசிக்க வேண்டும்.

பிள்ளைக்கு ஆங்கிலம் தெரியாதே என்று அதற்காக வீட்டில் தமிழை நிறுத்தாதீர்கள். அதற்குப் பதில் ஒரு தாளில் பத்துப் பன்னிரண்டு சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதி, பக்கத்தில் பொருளும் எழுதிக் கொடுங்கள்: தண்ணி, வேணாம், வலிக்குது, ஒண்ணுக்கு, தூக்கு. எங்கள் இரண்டாவது டேகேரில் அந்தத் தாளை டயபர் மேடைக்கு மேலே ஒட்டி வைத்தார்கள். மூன்றாம் நாள் அந்த ஆசிரியை என் மகளைப் பார்த்து "வலிக்குதா?" என்று கேட்டார், 'லி'க்குப் பதில் 'ழி' போட்டு. மகள் ஆமாம் என்று தலையாட்டினாள்.

சேர்த்த பிறகும் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பாருங்கள், ஒரு நாள் மதியம், ஒரு நாள் மாலை. பெற்றோர் எந்த நேரமும் வரலாம் என்று இருக்க வேண்டும். முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும் என்றால் அங்கே விடாதீர்கள். பிள்ளைக்குக் காயம் பட்டால் அன்றைக்கே எப்போது, எப்படி, யார் பார்த்தார்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். காரணம் சொல்லப்படாத காயம் இரண்டாவது முறை வந்தால் போட்டோ எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

மேனேஜரிடம் சொல்லியும் சரியாகவில்லை என்றால் லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்துக்குப் போன் செய்யலாம். புகார் கொடுத்தால் விசாவுக்குப் பிரச்சினை வருமோ என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பேசத் தயக்கமாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், ஆஸ்திரேலியாவில் 131 450 என்ற எண்ணில் தமிழுக்கும் ஆள் கிடைக்கும். தேதி, நேரம், எந்த அறை, கண்ணால் பார்த்தது என்ன, இந்த நான்கையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அந்தத் தூக்கத் தாள் விஷயத்தை நான் அப்படித்தான் சொன்னேன். பெயரைக்கூடக் கேட்கவில்லை. சில வாரம் கழித்து அந்த டேகேரின் ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்தபோது, தூங்கும் பிள்ளைகளைக் கண்காணிப்பது பற்றி ஒரு புதிய வரி ஏறியிருந்தது.