ரிப்பேர் முடிந்தும் ஸ்மாக் செக்கில் கார் ஏன் திரும்பி வருகிறது

போன சனிக்கிழமை எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ஒரு தம்பி பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். கலிஃபோர்னியாவின் சான் ஹோசேக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. 2012 மாடல் செடான், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. "அண்ணா, ஆக்சிஜன் சென்சார் புதுசு போட்டாச்சு, செக் எஞ்சின் லைட்டும் அணைஞ்சிடுச்சு. ஆனா ஸ்மாக் செக்ல மானிட்டர் ரெடியா இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க" என்றார். ஸ்மாக் செக் என்பது இங்கே கார் பதிவைப் புதுப்பிக்கத் தேவைப்படும் புகைச் சோதனை. இதுவரை எத்தனை முறை எரர் கோடை, அதாவது கார் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் கோளாறு எண்ணை, ஸ்கேனரில் அழித்தீர்கள் என்று கேட்டேன். விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். மேற்கொண்டு கேட்க எதுவும் இல்லை. 2018-ல் நானும் இப்படித்தான் எண்ணிக்கொண்டு நின்றேன்.

கேஸ் கேப்பை (பெட்ரோல் டேங்க் மூடியை) இறுக்கி மூடுங்கள், காலையில் கோடை அழித்துவிட்டு மதியமே டெஸ்டுக்குப் போகாதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது. அதை விட்டுவிடுகிறேன். அதையும் தாண்டி நடக்கும் தவறுகள்தான் கீழே வருபவை.

தெரியாதவர்களுக்கு மட்டும் ஒரு பத்தி. அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து வரும் கார்களில் ஓபிடி-2 இருக்கிறது. காரின் கம்ப்யூட்டர் தன் புகைக்கட்டுப்பாட்டு பாகங்களைத் தானே சோதித்துக்கொள்ளும். ஒவ்வொரு சோதனையும் ஒரு மானிட்டர். மிஸ்ஃபயர், எரிபொருள் அளவு, பொதுவான சென்சார்கள் ஆகிய மூன்றும் ஓட்டும்போதெல்லாம் நடந்துகொண்டே இருக்கும். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார், அதன் ஹீட்டர், பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் ஈவாப், புகையில் கொஞ்சத்தை எஞ்சினுக்கே திருப்பிவிடும் ஈஜிஆர் போன்றவை மட்டும் அதற்கான சூழ்நிலை அமைந்தால்தான் ஓடும். கோடை அழித்தால் அந்தச் சோதனை முடிவுகளும் சேர்ந்து அழியும். கலிஃபோர்னியாவில் 2015 மார்ச் முதல் 2000 மாடலும் அதற்குப் பிந்தையதுமான பெட்ரோல் கார்களுக்குப் பெரும்பாலும் புகைக்குழாயில் அளப்பதே இல்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒயரைச் சொருகி, கம்ப்யூட்டர் என்ன சொல்கிறது என்று கேட்கிறார்கள். மார்க் ஷீட்டை நீங்களே அழித்துவிட்டுப் போனால் அவர்கள் எதைப் பார்த்து பாஸ் போடுவார்கள்?

ரிப்பேர் ஆன பிறகும் அழித்துக்கொண்டே இருப்பது

இதைப் பற்றிப் பேசினால் இன்னும் எனக்குக் கோபம் வரும். பாதி கோபம் என் மேல்தான்.

என் காரில் வந்த கோடு பி0135, அதாவது முன்பக்க ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சென்சாரை மாற்றினேன். ஸ்கேனரில் அழி பட்டனை அழுத்தினேன், லைட் அணைந்தது, ரொம்பப் பெருமை. நாலு நாள் ஆபீஸ் போய் வந்ததில் ஹீட்டர், ஆக்சிஜன் சென்சார், ஈஜிஆர் மூன்றும் முடிந்திருந்தன. கேட்டலிஸ்டும் ஈவாப்பும் பாக்கி. ஐந்தாம் நாள் ஸ்கேனரைச் சொருகினால் பென்டிங் என்று ஒரு புதுக் கோடு நிற்கிறது: பி0456, ஈவாப்பில் மிகச் சிறிய கசிவு. லைட் எரியவில்லை. ஆனாலும் கை சும்மா இருக்குமா? 'எதற்கு வம்பு, சுத்தமாக இருக்கட்டும்' என்று அதையும் அழித்தேன். நாலு நாள் உழைப்பும் அதோடு போனது.

பென்டிங் கோடு என்றால் கம்ப்யூட்டருக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். பெரும்பாலான கோளாறுகள் அடுத்த ஓட்டத்தில் மறுபடி தெரிந்தால்தான் லைட் எரியும். தெரியாவிட்டால் கோடு தானாகவே போய்விடும். அதை வைத்து இங்கே ஸ்மாக் செக்கில் ஃபெயில் செய்வதும் கிடையாது. செய்ய வேண்டியது கேஸ் கேப்பைப் பார்த்துவிட்டு ஓட்டிக்கொண்டே இருப்பதுதான்.

கதை அதோடு முடியவில்லை. அடுத்த வாரம் கூலண்ட் ஒழுகியது. அவசரத்துக்கு ஒரு ஒர்க்ஷாப்பில் விட்டேன். சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது சிரித்த முகத்தோடு, "கோடு எல்லாம் ஃப்ரீயா க்ளியர் பண்ணிட்டேன்" என்றார் மெக்கானிக். அந்த நிமிடம் நான் அவரைப் பார்த்த பார்வை எனக்கே இன்னும் நினைவிருக்கிறது. பாவம், அவர் உதவி என்று நினைத்துத்தான் செய்தார். அன்றிலிருந்து எந்த ஒர்க்ஷாப்பில் வண்டியை விட்டாலும் 'கோடை அழிக்க வேண்டாம், பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டாம்' என்று எழுதி ஸ்டியரிங்கில் ஒட்டிவிட்டுத்தான் வருகிறேன்.

அப்போது யாரும் எனக்குச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. முதல் தடவைகூட அழிக்க வேண்டிய தேவை இருந்திருக்காது. ரிப்பேர் சரியாக இருந்து, அந்தச் சோதனை அடுத்தடுத்து மூன்று ஓட்டங்களில் ஓடித் தேறிவிட்டால், கம்ப்யூட்டரே லைட்டை அணைத்துவிடும். இதில் லாபம் என்னவென்றால், ஏற்கெனவே முடிந்திருந்த மற்ற மானிட்டர்கள் எல்லாம் அப்படியே இருக்கும். லைட் எரிவதைப் பார்த்துக்கொண்டு நாலைந்து நாள் ஓட்டுவது கஷ்டம்தான். ஆனால் இரண்டு வாரம் அலைவதைவிடத் தேவலை. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மாற்றுவது போன்ற பெரிய வேலை என்றால் மெக்கானிக் அழிக்கத்தான் செய்வார். அப்போது ஒரே ஒரு முறை, வேலை முடிந்த உடனே. அன்றைய தேதியையும் ஓடோமீட்டர் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு அந்தப் பட்டன் இருப்பதையே மறந்துவிடுங்கள்.

தம்பியின் காருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 2010 மாடலிலிருந்து பெர்மனென்ட் கோடு என்று ஒன்று பதிவாகிறது. அதை ஸ்கேனராலும் அழிக்க முடியாது, பேட்டரியைக் கழற்றினாலும் போகாது. கோளாறு தீர்ந்ததென்று கம்ப்யூட்டர் தானே சோதித்து நம்பினால்தான் போகும். 2019 ஜூலை 1 முதல் கலிஃபோர்னியா ஸ்மாக் செக்கில் இதையும் பார்க்கிறார்கள். ஒரு சலுகை மட்டும் தருகிறார்கள்: கடைசியாக அழித்ததற்குப் பிறகு 15 முறை எஞ்சின் குளிர்ந்த நிலையிலிருந்து நன்றாகச் சூடாகி, 200 மைலும் ஓடியிருந்தால், பெர்மனென்ட் கோடு இருந்தாலும் கண்டுகொள்ள மாட்டார்கள். இந்த இரண்டு எண்ணும் உங்கள் ஸ்கேனரிலேயே தெரியும். ஆபீஸ் போக ஒன்று, திரும்ப ஒன்று என்று வைத்தால்கூட 15 சேர எட்டு வேலை நாள் ஆகும். ஒர்க் ஃப்ரம் ஹோம் ஆசாமி என்றால் இன்னும் மோசம். இந்தியன் ஸ்டோருக்குப் போய் வரும் ஐந்து நிமிடத்தில் எஞ்சின் எங்கே சூடாவது? இடையில் ஒரு முறை அழித்தால் இரண்டு எண்ணும் மறுபடி பூஜ்யம்.

தம்பி விரல்விட்டு எண்ணியது நான்கு முறை.

டேங்கை நிரப்பிக்கொண்டு போவது

நீண்ட தூரம் ஓட்டப் போகிறோமே என்று முழு டேங்க் போட்டுவிடுவார்கள். பெரும்பாலான கார்களில் டேங்க் சுமார் 15 முதல் 85 சதவீதத்துக்குள் இருந்தால்தான் ஈவாப் மானிட்டர் ஓடும். பாதி டேங்க் நல்லது. இரவு முழுக்க, எட்டு மணி நேரமாவது வண்டி நின்றிருக்க வேண்டும். காலையில் கூலண்டின் சூடும் உள்ளே வரும் காற்றின் சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். சில டொயோட்டா கார்கள் நிறுத்திச் சுமார் 5 மணி நேரம் கழித்துத் தாமாகவே ஈவாப்பைச் சோதிக்கும். ராத்திரி பதினோரு மணிக்குப் பால் வாங்க எடுத்தால் அன்றைய சோதனை போச்சு.

ஈவாப்புக்காகக் காத்திருப்பது

கலிஃபோர்னியாவில் 2000 மாடலோ அதற்குப் பிந்தையதோ ஆன பெட்ரோல் காருக்கு ஈவாப் மட்டும் பாக்கி என்றால் அதை வைத்து ஃபெயில் செய்வதில்லை. காத்திருக்காதீர்கள், போய் டெஸ்ட் கொடுங்கள்.

கூலண்ட் சூட்டைப் பார்க்காமல் ஓட்டுவது

இரண்டு வாரம் ஓட்டியும் கேட்டலிஸ்ட் மானிட்டர் அசையவே இல்லை என்று ஒரு நண்பர் வந்தார். ஸ்கேனரில் நேரடி அளவுகளைத் திறந்து, ஃப்ரீவேயில் அரை மணி நேரம் ஓட்டச் சொன்னேன். கூலண்ட் 165 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டவில்லை. 190-க்கு மேல் போயிருக்க வேண்டும். கூலண்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் லேசாகத் திறந்தபடி சிக்கியிருந்தது. கோடு வரும் அளவுக்குக் கெடவில்லை, மானிட்டர் ஓடும் அளவுக்குச் சரியாகவும் இல்லை. சின்ன பாகம்தான், அதற்காக இரண்டு வார பெட்ரோல் போனது. ஆக்சிஜன் சென்சார் மானிட்டர் முடியாமல் நிற்கும்போது கேட்டலிஸ்ட்டுக்காக ஓட்டுவதும் இதே கதைதான். அந்தச் சென்சார்களை நம்பித்தான் கம்ப்யூட்டர் கன்வெர்ட்டரையே அளக்கிறது.

880 ஃப்ரீவே நெரிசலில் ஊர்ந்துகொண்டே மைல் சேர்ப்பது

மைல் சேரும், மானிட்டர் முடியாது. சீரான வேகம் வேண்டும். நான் ஞாயிறு காலை ஆறரைக்கு 280-ல் குபெர்டினோவைத் தாண்டி வடக்கே போவேன். வலது லேனில் மணிக்கு 55 மைலில் க்ரூஸ் கன்ட்ரோல் போட்டு பத்து நிமிடம், பிறகு பிரேக்கைத் தொடாமல் காலை எடுத்து 30 வரை தானாக இறங்க விட்டு எக்ஸிட், கொஞ்ச நேரம் ஐடில், மறுபடி ஏற்றம். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். உங்கள் காருக்கான சரியான முறையைத் தயாரிப்பாளரின் சர்வீஸ் குறிப்பில் டிரைவ் சைக்கிள் என்று தேடிப் பாருங்கள். யூடியூபில் யாரோ வேறு காருக்குச் சொன்னதை அப்படியே செய்யாதீர்கள்.

பேட்டரியை இப்போது மாற்றுவது

டெஸ்ட் முடியட்டும். பேட்டரியைக் கழற்றினாலும் மானிட்டர் முடிவுகள் அழியும்.

ஸ்மாக் முடியட்டும் என்று கட்டணத்தை நிறுத்தி வைப்பது

2018-ல் நான் அபராதம் கட்டியது இதற்காகத்தான். ஸ்மாக் முடியாவிட்டாலும் கெடு தேதிக்குள் டிஎம்வி (வாகனப் பதிவுத் துறை) கேட்கும் பதிவுக் கட்டணத்தைக் கட்டிவிடலாம். பதிவு புதுப்பித்த ஸ்டிக்கர்தான் வராது, தாமத அபராதமும் விழாது.

தம்பியிடம் இதையெல்லாம் சொல்லி, தேதியையும் மைலையும் ஒரு சீட்டில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டிக் கொடுத்தேன். அன்றே கட்டணத்தையும் கட்டிவிட்டார். நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் ஸ்கேனர் படம் அனுப்பியிருந்தார்: 11 வார்ம்-அப், 164 மைல், ஈவாப் மட்டும் பாக்கி. எனக்கு ஒரே சந்தோஷம். அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது.

"அண்ணா, ஒரு பென்டிங் கோடு வந்திருக்கு. அழிச்சிடட்டுமா?"