கத்துகிற சைலன்சரை அடக்குவது எப்படி: என் ஸ்விஃப்ட்டில் நான்கு ஞாயிற்றுக்கிழமை பார்த்த வேலை

2016 மாடல் பெட்ரோல் ஸ்விஃப்ட், செகண்ட்ஸில் வாங்கினேன். ஓட்டிப் பார்த்தது பட்டப்பகலில், கோவை அவிநாசி ரோட்டு நெரிசலில். அங்கே எந்தச் சத்தம் தனியாகக் காதில் விழும்? இரண்டாம் ஷிஃப்ட் முடித்து இரவு பதினொன்றரைக்கு கணபதியில் எங்கள் சந்துக்குள் திருப்பியபோதுதான் விஷயம் புரிந்தது. மறுநாள் காலை பக்கத்து வீட்டு அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, உங்க காரு வந்தாவே பாப்பா திடுக்குனு முழிச்சுக்குதுங்க" என்றார். குழந்தைக்கு ஐந்து மாதம். அன்றிலிருந்து வேலை முடியும்வரை சந்து முனையிலேயே வண்டியை விட்டுவிட்டு நடந்துதான் வந்தேன்.

முன்னால் வைத்திருந்தவர் கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு இரண்டு இன்ச் குழாயை நேராக ஓட்டி, கடைசியில் பெயருக்கு ஒரு டப்பா மாட்டியிருந்தார். இப்படி மாற்றுவது சட்டப்படியும் தப்பு. மத்திய மோட்டார் வாகன விதி 120 ஒவ்வொரு வண்டிக்கும் சைலன்சர் வேண்டும் என்கிறது. ஒலி அளவை மீறி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, லைசென்ஸ் மூன்று மாதம் முடக்கம் என்றெல்லாம் இருக்கிறது. குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணிக்கு மேல் சுற்றுப்புறச் சத்தத்துக்கு 45 டெசிபல்தான் வரம்பு. ஆனால் எனக்கு அந்தப் பாப்பாவின் தூக்கமே போதுமான காரணம்.

கம்பெனி சைலன்சர் முழு செட்டாக நல்ல நிலையில் கிடைத்தால் அதையே வாங்கி மாட்டிவிடுங்கள். அதைவிட நல்ல வழி கிடையாது. எனக்கு உக்கடம் பழைய சாமான் கடைகளில் பின்பகுதி மட்டும்தான் தேறியது. நடுக்குழாய் பார்த்ததெல்லாம் துருப்பிடித்து உதிர்ந்தது. அதனால் நடுவில் நானே செய்ய வேண்டி வந்தது.

எந்தச் சத்தம் என்று பிரித்துப் பாருங்கள்

"சத்தமா இருக்குது" என்று மட்டும் சொல்லிப் பட்டறைக்குப் போனால் பணம்தான் கரையும். சத்தம் மூன்று வகை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் "டிக் டிக்" என்றோ "புஸ்" என்றோ கேட்டால் அது கசிவு. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது தகரத்தைக் கிழிப்பதுபோல் கரகரத்தால், அந்த மேல் சத்தத்தை உறிஞ்ச வழியில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். ஹைவேயில் ஒரே வேகத்தில் போகும்போது காருக்குள் "ம்ம்ம்" என்று காதை அடைத்தால் அது உறுமல். ஒன்றுக்குப் பார்க்கும் வைத்தியம் மற்றதற்கு எடுபடாது. என் வண்டியில் மூன்றுமே இருந்தது.

போனில் ஒரு டெசிபல் ஆப் போட்டுக்கொள்ளுங்கள். அது காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், முன்னுக்கும் பின்னுக்கும் ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். குழாய் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி சாய்வில் போனைப் பிடித்து, இன்ஜின் சூடான பிறகு 3000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 3000 சுற்று) அளந்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே ஆர்பிஎம். எனக்கு முதல் நாள் 97 காட்டியது. பத்து டெசிபல் குறைந்தால் காதுக்குக் கிட்டத்தட்டப் பாதியாகக் கேட்கும் என்பதை மனதில் வையுங்கள்.

கசிவை அடைக்காமல் எதையும் வாங்காதீர்கள்

வண்டி ராத்திரி முழுக்க ஆறியிருக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. இரும்பு ஸ்டாண்ட் கொடுங்கள், அல்லது பட்டறைப் பள்ளத்தில் நிறுத்துங்கள். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓட விடாதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

ஸ்டார்ட் செய்து, தடித்த ஈரத்துணியால் குழாய் வாயை ஒருவர் சில விநாடி அழுத்திப் பிடிக்கட்டும். உள்ளே அழுத்தம் ஏறும், கசிகிற இடம் சீறிக் காட்டிக் கொடுக்கும். குழாய் சூடாவதற்குள் சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு இணைப்பிலும் தெளியுங்கள். விஷப்புகையைக் குறைக்கும் கேடலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால், குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் ஃபிளாஞ்சில் எனக்கு நுரை பொங்கி வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் போல்ட்டைச் சுற்றி விசிறிபோல் கரி படிந்திருந்தது. விரலால் தொட்டால் கண் மை மாதிரி ஒட்டுகிறது. அந்தக் கரிதான் நம்பகமான சாட்சி. இணைப்பின் இடையில் கசிவைத் தடுக்கும் பழைய கேஸ்கெட் ஒரு பக்கம் தின்று போயிருந்தது. ஃபிளாஞ்ச் முகத்தை ஃபைல் போட்டுச் சமப்படுத்தி, புது கேஸ்கெட், புது போல்ட், ஸ்பிரிங் மாற்றினேன். எண் 95-க்குத்தான் இறங்கியது. ஆனால் அந்தப் புகை இத்தனை நாளும் காருக்கு அடியில்தான் கசிந்துகொண்டிருந்தது. அம்மா பின்சீட்டில் உட்காரும் வண்டி இது.

இதே நேரத்தில் கேடலிடிக் கன்வெர்ட்டர் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சிலர் அதையும் அறுத்துவிட்டு வெறும் குழாய் வைக்கிறார்கள். அது இல்லாவிட்டால் முதலில் அதைத்தான் மாட்ட வேண்டும். சத்தம் ஒரு பக்கம், விஷப்புகை இன்னொரு பக்கம். அதைக் கழற்றி விற்றவர்கள் மேல் எனக்கு மன்னிப்பே வரவில்லை. நல்லவேளை, என் வண்டியில் அது தப்பியிருந்தது.

கரகரப்புக்கு ரெசனேட்டரும் மஃப்ளரும்

நடுக்குழாயில் சத்தத்தைக் குறைக்க இருக்க வேண்டிய ரெசனேட்டர் என் வண்டியில் இல்லை. பட்டறைகளில் கிடைப்பது பெரும்பாலும் நேர்த்துளை வகை. நடுவே ஓட்டை ஓட்டையாக ஒரு குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு, வெளியே எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) உறை. புகை நேராகப் போய்விடும், கூர்மையான சத்தம் மட்டும் ஓட்டை வழியாகப் பஞ்சுக்குள் புகுந்து சாகும். இடம் இருக்கிற அளவுக்கு நீளமாக வாங்குங்கள். நான் போட்டது 18 இன்ச். உள்விட்டம் உங்கள் குழாயின் அளவுக்கே இருக்க வேண்டும், சின்னதாகப் போனால் அங்கே மூச்சு முட்டும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். குழாய்த்துண்டு தேவைப்பட்டால் சில இடங்களில் தண்ணீர்க் குழாய்க்கு வைத்திருக்கும் ஜிஐ பைப்பை எடுத்து நீட்டுவார்கள். வேண்டாம். துத்தநாகப் பூச்சின் மேல் வெல்டிங் வைத்தால் வரும் வெள்ளைப் புகை, வைப்பவருக்குக் காய்ச்சலைக் கொண்டுவரும். எஸ்எஸ் பைப் கேளுங்கள், ஆர்கான் வெல்டிங் கேளுங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரி டெர்மினலைக் கழற்றி வையுங்கள், இல்லாவிட்டால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசிஎம் அடிபடலாம். எனக்கு வெல்டிங் வைத்த அண்ணன் பெட்ரோல் டேங்க் பக்கம் ஈரச்சாக்கு தொங்கவிட்டு, கையெட்டும் தூரத்தில் தீயணைப்பான் வைத்துக்கொண்டுதான் வெல்டிங் டார்ச்சைப் பற்ற வைத்தார். அப்படி இல்லாத இடத்தில் வண்டியைக் கொடுக்காதீர்கள். ரெசனேட்டர் ஏறியதும் 89.

பின்னால் இருந்த டப்பா ரிவெட் அடித்தது. ரிவெட்டைத் துளைத்துப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே பஞ்சு என்று பெயருக்குக் கருகிய ஒரு பிடி, முடி எரிந்த சாம்பல் மாதிரி ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடந்தது. உங்களுக்கு அந்த டப்பாவே போதும் என்றால் புதுப் பஞ்சு அடைக்கலாம். ஓட்டைக்குழாயின் மேல் முதலில் எஸ்எஸ் கம்பளி ஒரு சுற்று, அதன் மேல் சைலன்சருக்கென்றே விற்கும் நீள இழைக் கண்ணாடிப் பஞ்சு, இடைவெளி விடாமல். கூரைக்கும் ஏசி டக்ட்டுக்கும் போடும் மஞ்சள் பஞ்சு ஆகாது. அதன் பசை எரிந்து புகையும், குட்டை இழை வெளியே பறந்துவிடும். கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை இல்லாமல் தொடாதீர்கள், இரண்டு நாள் அரிக்கும்.

நான் டப்பாவை ஒதுக்கிவிட்டு உக்கடத்தில் எடுத்த பின்பகுதியை, அதாவது கம்பெனி மஃப்ளரையே மாட்டினேன். அதற்குள் அறை அறையாகத் தடுப்பு இருக்கும். சத்தம் முட்டி, திரும்பி, ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதனால் அடிச்சத்தமும் குறைகிறது. வாங்கும்போது குலுக்கிப் பாருங்கள். உள்ளே கலகலத்தால் தடுப்புத்தகடு விட்டுப்போயிருக்கிறது. என் எண் 82.

மிச்சமிருந்த உறுமல்

ஆடிப்பெருக்குக்கு அம்மாவைப் பவானி கூடுதுறைக்கு அழைத்துப்போனேன். சந்துக்குள் வண்டி பூனை மாதிரிப் போகிறது. ஆனால் பெருந்துறை தாண்டி 85-ல் நிலையாகப் பிடித்தால் உள்ளே "ம்ம்ம்" என்கிறது. அம்மா சேலைத் தலைப்பைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

இதற்குக் கணக்கு இருக்கிறது. நாலு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. உறுமல் வந்தது 2500 ஆர்பிஎம்மில். நிமிடத்துக்கு 5000 வெடிப்பு, நொடிக்குச் சுமார் 83. (மூன்று சிலிண்டர் வண்டி என்றால் ஒரு சுற்றுக்கு ஒன்றரை.) ஒரு முனை அடைத்த கிளைக்குழாயை மெயின் குழாயில் ஒட்டினால், அதற்குள் போய்த் திரும்பும் அலை எதிர்க்கட்டத்தில் (மேட்டுக்கு நேராகப் பள்ளமாக) வந்து அந்த 83-ஐ அமுக்கும். அதற்கு நீளம் அலைநீளத்தில் கால் பங்கு இருக்க வேண்டும். கிளைக்குள் புகை ஓடாததால் மெயின் குழாயளவு சூடு இருக்காது. 150 டிகிரி என்று வைத்தால் ஒலி நொடிக்குச் சுமார் 412 மீட்டர் போகும். 412-ஐ 83-ஆல் வகுத்து, அதை நாலால் வகுத்தால் 1.24 மீட்டர்.

சூட்டைச் சரியாகச் சொல்ல முடியாததால் நீளத்தைக் கூட்டியே வெட்டுங்கள். நான் 140 சென்டிமீட்டர் வைத்து, ஃபேக்டரி லேத்தில் ஒரு அடைப்பைக் கடைந்து, நடுவில் திரெட் ராடு போட்டு, குழாய்க்குள் முன்னே பின்னே தள்ளும்படி செய்தேன். மஃப்ளருக்குச் சற்று முன்னால் ஒட்டி, இடத்துக்கு ஏற்ப வளைத்தோம். வளைத்தால் பரவாயில்லை, நீளத்தைக் குழாயின் நடுக்கோட்டில் அளக்க வேண்டும். பிறகு நானும் தம்பியும் ஹைவேக்குப் போய், 85-ல் ஓட்டி, ஓரம் கட்டி, வெல்டிங் கையுறையோடு ராடைத் திருப்பி, மறுபடி ஓட்டி. ஆறாவது தடவை, 128 சென்டிமீட்டரில், யாரோ கதவைச் சாத்தியதுபோல் அந்த "ம்ம்ம்" நின்றது. தம்பி பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு என்னைப் பார்த்தான். அந்த இடத்தில் மூடி வைத்து வெல்டிங் அடித்தோம். உறுமல் இல்லாத வண்டிக்கு இந்த வேலை தேவையே இல்லை.

செய்யக் கூடாதவை

குழாய் வாயில் பாத்திரம் தேய்க்கும் கம்பிச்சுருளைத் திணிக்காதீர்கள். அது சிவக்கச் சூடாகி ரோட்டில் பறக்கும். வாயில் போல்ட் போட்டு மாட்டும் டிபி கில்லர் ஓட்டையைச் சுருக்கித்தான் சத்தத்தைக் குறைக்கிறது. அவசரத்துக்கு ஆகும், நிரந்தரமாக வைத்தால் இழுவை போகும். குழாயைச் சுற்றும் வெப்பநாடா சத்தத்துக்கு ஏறக்குறைய ஒன்றும் செய்யாது, மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்துக் குழாயைத்தான் அரிக்கும்.

சைலன்சர் ரப்பர் எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிடுங்கள், விலை சொற்பம். பழசு கல்லாக இறுகி இன்ஜின் அதிர்வை அப்படியே பாடிக்குக் கொடுக்கும். குழாய் எங்கேயும் பாடியைத் தொடாமல் ஒரு விரல் இடைவெளி இருக்கட்டும். நாலு பேரை உட்கார வைத்து, தெருவிலேயே உயரமான வேகத்தடையில் ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

500 கிலோமீட்டர் ஓடியதும் வண்டியை ஆறவிட்டு, எல்லா கிளாம்ப்பையும் ஃபிளாஞ்ச் போல்ட்டையும் மறுபடி இறுக்குங்கள். டார்ச் அடித்து அந்தக் கரிவிசிறி எங்காவது புதிதாக விரிந்திருக்கிறதா என்று தேடுங்கள். என் வண்டியில் கிளைக்குழாய் ஒட்டிய இடத்தில் குண்டூசி முனையளவு ஒரு புள்ளி தெரிந்தது. இந்த ஞாயிறு அண்ணனிடம் கொண்டுபோகிறேன்.