குழந்தைக்கு ட்ரை பண்றப்ப மூலிகை, பொடி எல்லாம் எப்படி பாத்து எடுக்கறது

கல்யாணமாகி ஆறு மாசம் ஆனா போதும், விசேஷம் உண்டான்னு கேக்கறவங்க எல்லாம் ஆளுக்கொரு மூலிகை சொல்லிட்டு போறாங்க. செடிதானே, ஒண்ணும் பண்ணாதுன்னு மட்டும் நினைக்காதீங்க ப்ளீஸ். 1940கள்ல மேற்கு ஆஸ்திரேலியால க்ளோவர்ங்கற தீவனச் செடிய மேஞ்ச செம்மறி ஆடுங்க மந்தை மந்தையா சினை பிடிக்காம போச்சு, அந்த செடில இருக்கற ஃபார்மோனோனெட்டின்ங்கற பொருள் ஆட்டு வயித்துல ஈக்குவால்ங்கற வேற பொருளா மாறி, ஈஸ்ட்ரோஜன்ங்கற பெண் ஹார்மோன் மாதிரி வேலை செஞ்சதுதான் காரணம்.

சோயாலயும் அதே குடும்பத்து பொருள் இருக்கு, ஐசோஃப்ளேவோன்னு பேரு. ஆனா ஆடு நாள் பூரா அதையேதான் தின்னுச்சு, நீங்க வாரத்துல ரெண்டு நாள் மீல்மேக்கர் குழம்பு வைக்கறதுக்கு பயப்பட வேணாம். ஐசோஃப்ளேவோன் மாத்திரையா விக்கறத மட்டும் டாக்டர கேக்காம எடுக்காதீங்க. தைராய்டு மாத்திரை போடறவங்க சோயாவுக்கும் மாத்திரைக்கும் நடுவுல நாலு மணி நேரமாவது விடுங்க, இல்லன்னா மாத்திரை உடம்புல சரியா சேராது.

மொதல்ல காலண்டர எடுங்க. அடுத்த பீரியட்ஸ் எப்ப வரும்னு கணக்கு போட்டு அதுல 14 நாள் கழிச்சா முட்டை வெளிய வர்ற நாள் தோராயமா தெரியும், அதுக்கப்புறம் பீரியட்ஸ் வர்ற வரைக்கும் கர்ப்பமா இருக்கோம்னே நினைச்சு நடந்துக்கோங்க. சளிக்குன்னு சாதாரணமா குடிக்கற ஆடாதோடை கஷாயத்த அந்த நாள்கள்ல விட்டுடுங்க, அதுல இருக்கற வாசிசின் கர்ப்பப்பைய சுருங்க வைக்கும். பப்பாளிக்காயும் வேணாம், அதோட பால்தான் பிரச்சனை, நல்லா பழுத்த பழம் தாராளமா சாப்பிடலாம்.

இப்ப மலைவேம்பு. பீரியட்ஸ் வந்த மொத மூணு நாள் வெறும் வயித்துல சாறு குடிச்சா கரு நிக்கும்னு ஊரெல்லாம் சொல்றாங்க, ஆனா அந்த பேர்ல ரெண்டு மரம் இருக்கு, மெலியா டூபியா, மெலியா அசிடராக், இதுல ரெண்டாவதோட பழம் விஷம், அதோட விதைச்சாற எலிக்கு குடுத்தப்ப கருமுட்டைப் பைங்க வளர்றதே குறைஞ்சிருக்கு. இலை வேற விதை வேற, ஒத்துக்கறேன், ஆனா யாரோ பறிச்சு அரைச்சு தர்ற சாறு எந்த மரம், எவ்ளோ இலைன்னு யாருக்கு தெரியும்? எடுத்தே ஆகணும்னா பட்டம் வாங்கின சித்த மருத்துவர போய் பாருங்க, அவர் அளவு சொல்லட்டும்.

சதாவரி, அதான் தண்ணீர்விட்டான் கிழங்கு, அத பத்தின ஆய்வு பெரும்பாலும் விலங்குகள்லதான், அத நம்பி இருக்காதீங்க.

ஃபோலிக் ஆசிட்ங்கற விட்டமின் மாத்திரை 400 மைக்ரோகிராம் தினமும் போடுங்க, கரு உண்டாகறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே ஆரம்பிக்கணும். கீரைல இருக்கறதே போதாதான்னு கேப்பீங்க, போதாது, வேக வைக்கறப்பவே நெறைய போயிடும். காஃபி ரெண்டு சின்ன கப்போட நிறுத்திக்கோங்க.

எதை எடுத்தாலும் வருஷக்கணக்கா இழுக்காதீங்க. 35 வயசுக்குள்ள இருந்தா ஒரு வருஷம், தாண்டிட்டா ஆறு மாசம், பீரியட்ஸ் ஒழுங்கா வரலன்னா இப்பவே டாக்டர்ட்ட போங்க, வீட்டுக்காரரையும் கூட்டிட்டு போய் அவருக்கும் விந்து டெஸ்ட் எடுக்க சொல்லுங்க. போறப்ப நீங்க எடுக்கற பொடி, லேகியம் எல்லாத்தையும் டப்பாவோட எடுத்துட்டு போங்க, திட்டுவாங்கன்னு எதையும் மறைக்காதீங்க.