ஸ்டாஃப் கிருமிக்கு நாமே பழக்கிக் கொடுக்கும் மருந்துகள்

ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா, சுருக்கமாக ஸ்டாஃப். பத்தில் சுமார் மூன்று பேரின் மூக்குக்குள் இது சத்தமில்லாமல் குடியிருக்கிறது. தோலில் கீறல் விழுந்து உள்ளே புகுந்தால்தான் கட்டி, சீழ்; ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து.

இந்தக் கிருமியை மருந்துக்குப் பழக்கிவிடும் பெரிய தவறு, பாக்டீரியாவுக்கான ஆன்டிபயாடிக்கைச் சளிக்குப் போடுவது. சளி வைரஸால் வருவது, அதை இந்த மருந்து ஒன்றும் செய்யாது. மூக்கில் இருக்கும் ஸ்டாஃபைத்தான் போய்த் தாக்கும். மருந்துக்கு மசிகிறவை சாகும், மசியாதவை தங்கிப் பெருகும். சளி தானாகவே போயிருக்கும். நாமோ மாத்திரை கேட்டது என்று அடுத்த முறையும் அதையே வாங்குவோம்.

“எனக்கு அந்த மருந்து பழகிப்போச்சு” என்பார்கள். பழகியது உடம்புக்கு அல்ல, கிருமிக்கு. ஆன்டிபயாடிக்கே தொடாதவருக்கும் அப்படிப் பழகிய கிருமி அடுத்தவரிடமிருந்து தொற்றலாம். துண்டு, ரேசர் இரண்டையும் பகிர வேண்டாம் என்பது அதனால்தான்.

பென்சிலின் 1940களில் புழக்கத்துக்கு வந்த சில ஆண்டுகளிலேயே, அதை உடைக்கும் நொதியோடு ஸ்டாஃப் கிளம்பிவிட்டது. அதைச் சமாளிக்க 1959இல் மெத்திசிலின் வந்தது. 1961இலேயே பிரிட்டனில் அதற்கும் அடங்காத ரகம் பதிவானது, அதுதான் எம்.ஆர்.எஸ்.ஏ. இந்த மருந்துகள் கிருமியின் சுவரைக் கட்டும் புரதத்தைப் பிடித்து முடக்குபவை. எம்.ஆர்.எஸ்.ஏ. அவற்றின் பிடிக்குச் சிக்காத வேறொரு புரதத்தை வைத்துச் சுவரைக் கட்டிக்கொள்கிறது. எனவே பென்சிலின் வகையைச் சேர்ந்த அமாக்சிசிலின் கேட்கவில்லை என்று அதையே இரட்டிப்பாக விழுங்குவது வீண்வேலை.

அப்புறம், சீழ்க்கட்டி. இதைப் பிதுக்கினால் கிருமி ஆழத்துக்குப் போகலாம். மாத்திரையை மட்டும் நம்பினாலும் சரிவராது, சீழ் தேங்கிய இடத்துக்குள் மருந்து போதுமான அளவு போய்ச் சேராது. மருத்துவர் கீறிச் சீழை வெளியேற்றுவதுதான் முதல் வைத்தியம். சிறிய கட்டிக்குப் பல நேரம் அதுவே போதும். அந்தச் சீழை, அதிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினால் எந்த மருந்து கேட்கும் என்று சில நாளில் தெரிந்துவிடும். இதைச் செலவு என்று தவிர்ப்பவர்கள் கேட்காத மருந்துக்குத்தான் காசைக் கொட்டுகிறார்கள்.

மருந்தை எத்தனை நாள் சாப்பிடுவது என்பதிலும் சொந்த முடிவு வேண்டாம். பாதியில் நிறுத்துவதும் தவறு, ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று நீட்டிப்பதும் தவறுதான். மிச்சமான மாத்திரையை அடுத்த கட்டிக்கு எடுத்து வைக்காதீர்கள்.

கட்டியோடு காய்ச்சல் வந்தாலோ, சுற்றிலும் சிவப்பு வேகமாகப் பரவினாலோ, முகத்தில் கட்டி பெரிதானாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள்.