கருக்குழாயில் ஒட்டும் விந்தணு: எண்ணும்போது நாம் செய்யும் தவறுகள்

ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த மாணவி ஒருவர் போன மாதம் ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினார். கருக்குழாயின் உட்சுவரில் ஒட்டும் விந்தணுக்கள், ஒரு மருந்தைச் சேர்த்ததும் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தன. முகமெல்லாம் மகிழ்ச்சி. வீடியோவைப் போடச் சொன்னேன். பார்த்த உடனே புரிந்துவிட்டது. பல வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தவறு.

லேபிள் ஒட்ட மறப்பது, கிருமி புகுந்துவிடுவது போன்றவற்றை முதல் வாரத்திலேயே யாராவது சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வெட்டிய ஓரத்தில் எண்ணுவது

கருக்குழாயின் உட்பரப்பில் இருப்பது ஒரே ஒரு அடுக்குச் செல்கள். சிலவற்றின் மேல் சிலியா என்ற நுண்ணிழைகள் அசைந்துகொண்டிருக்கும். மற்றவை திரவம் சுரக்கும். உயிருள்ள விந்தணு இந்தப் பரப்பில் தலையைப் பதித்து, வாலை ஆட்டிக்கொண்டே நிற்கும். அப்புறம் விடுபட்டு நீந்திப் போகும். நாம் அளக்க வந்தது இதைத்தான்.

குழாயைத் திறந்து உட்சுவரைச் சில மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கும்போது, அந்த அடுக்குக்கு அடியில் உள்ள இணைப்புத் திசு ஓரங்களில் வெளியே வந்துவிடும். உடைந்த செல்கள், அவற்றிலிருந்து கசிந்த டி.என்.ஏ. இழைகள், ரத்தம் எல்லாம் அங்கேதான் சேரும். தொட்டால் பிசுபிசுக்கும் இடம் அது. போதாததற்கு, விந்தணுக்களுக்குச் சுவரை ஒட்டியே நீந்தும் பழக்கமும் உண்டு. ஓரமாக வரும், மாட்டிக்கொள்ளும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் கூட்டம் கூட்டமாக ஒட்டியிருப்பதுபோல் தெரியும். எண்ணவும் சுலபமாக இருக்கும்.

மாணவியின் மருந்து விந்தணுக்களை வேகமாக நீந்த வைத்திருந்தது. வேகம் கூடினால் ஓரத்தில் மோதுவதும் கூடும், மாட்டுவதும் கூடும். ஓரங்களை ஒதுக்கிவிட்டு அதே வீடியோக்களை மறுபடி எண்ணினோம். வித்தியாசம் இல்லை.

அவருக்கு இது நான்கு மாதத்தில் தெரிந்தது. எனக்கு எட்டு மாதம் ஆனது. நேரம் போனதுகூடப் பரவாயில்லை. கர்ப்பப்பை அகற்றும் அறுவைக்கு வந்த பெண்கள், படிவத்தைப் படித்துச் சம்மதித்துக் கொடுத்த திசு அது. நோயியல் துறை தனக்கு வேண்டியதை எடுத்த பிறகு நமக்கு வருவது சிறு துண்டு. பத்தொன்பது பெண்களின் திசுவை நான் வீணாக்கினேன். அது இன்றும் உறுத்துகிறது. அதனால்தான் ஒரு கட்டுரையில் "ஒட்டிய விந்தணுக்கள் எண்ணப்பட்டன" என்று ஒரே வரியில் முடித்திருந்தால் எனக்குக் கோபம் வருகிறது. எங்கே ஒட்டியவை? வால் அசைந்ததா?

இப்போது நான் செய்வது இது. நறுக்கிய துண்டுகளை நன்றாகக் கழுவி, உதிர்ந்த செல்களை நீக்குவேன். சிலியா அசையும் பரப்பை மட்டும் எடுத்துக்கொள்வேன். தலை அதில் பதிந்து, வால் ஆடும் விந்தணுவை மட்டுமே கணக்கில் சேர்ப்பேன். ஓரத்தில் இருப்பவற்றைத் தனியாக எழுதி வைப்பேன். கூடவே, அதே மாதிரியிலிருந்து அசைவை நிறுத்திய விந்தணுக்களை இன்னொரு துண்டின் மேல் விட்டுப் பார்ப்பேன். அவையும் அதே அளவு ஒட்டினால், நான் பிசினைத்தான் அளந்துகொண்டிருக்கிறேன்.

குழாயின் எந்தப் பகுதி என்று குறிக்காமல் விடுவது

கர்ப்பப்பைக்குப் பக்கத்தில் உள்ள குறுகிய பகுதி இஸ்த்மஸ். அதைத் தாண்டி விரிந்த பகுதி ஆம்புல்லா. இஸ்த்மஸிலிருந்து எடுத்த செல்களோடு அதிக விந்தணுக்கள் சேர்கின்றன என்று இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் குழுவினர் 1997-லேயே காட்டினார்கள். இரண்டையும் ஒரே கிண்ணத்தில் போட்டால் பிறகு பிரிக்க வழியில்லை. மாதவிடாய்ச் சுழற்சியின் எந்த நாள், ஹார்மோன் மாத்திரை எடுத்தாரா என்பதையும் அன்றே கேட்டு எழுதுங்கள். ஈஸ்ட்ரோஜன் அதிகமுள்ள நாட்களின் உட்சுவர் வேறு, புரோஜெஸ்டிரோன் ஓங்கிய நாட்களின் உட்சுவர் வேறு.

மாட்டுக்குச் சரி என்றால் மனிதருக்கும் சரி என்று நினைப்பது

பசுவின் இஸ்த்மஸில் விந்தணுக்கள் பல மணி நேரம் தேங்கி நிற்கின்றன. உட்சுவர்ச் செல்களின் மேல் உள்ள ஃபியூகோஸ் என்ற சர்க்கரை அதற்கு உதவுகிறது. அதையே திரவத்தில் தனியாகச் சேர்த்தால் விந்தணு அதைப் பிடித்துக்கொள்ளும், சுவரில் ஒட்டுவது குறையும். ஹாம்ஸ்டர் என்ற எலி போன்ற சிறு பிராணியில் அந்த வேலையைச் செய்வது சியாலிக் அமிலம். இரண்டு விலங்குக்கே சர்க்கரை மாறுகிறது. பெண்களின் குழாயில் பசுவில் இருப்பதுபோன்ற தெளிவான சேமிப்பிடம் காணப்படவில்லை. ஆகவே மனிதத் திசுவில் ஃபியூகோஸைச் சேர்த்தும் எண்ணிக்கை குறையவில்லை என்றால், உங்கள் கைவேலையைச் சந்தேகிக்க அவசரப்படாதீர்கள்.

சிலியா போன செல்லில் சோதிப்பது

தட்டையான பிளாஸ்டிக் தட்டில் சில நாள் வளர்ந்தாலே செல்கள் தட்டையாகி, சிலியாவை இழக்கத் தொடங்கும். சிலியா இருப்பதைப் படம் எடுத்து உறுதி செய்த பிறகு விந்தணுவை விடுங்கள்.

மீடியம் (திசுவும் விந்தணுவும் இருக்கும் திரவம்) ஆறிப்போவது

37 டிகிரி. ஸ்லைடு வைக்கும் மேடையும் சேர்த்து.

எது மருந்து போட்டது என்று தெரிந்தே எண்ணுவது

வேறொருவரை எண்ணச் சொல்லுங்கள்.