தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவைத் தேடுவது எப்படி

ராயப்பன் என்று தேடினால் என் தாத்தா கிடைக்கவே மாட்டார். 1960களுக்கு முந்தைய பங்குக் கோயில் பதிவேடுகள் பெரும்பாலும் லத்தீனில் இருக்கும். அதில் அவர் பேத்ருஸ். ராயப்பர் என்றால் புனித பேதுரு. சென்னை ராயபுரத்துக்கே பேர் கொடுத்தவர் அவர்தான், ஏட்டில் மட்டும் வேறு பேர்! அதேபோல ஏட்டில் சின்னப்பன் என்பது பவுலுஸ், அருளப்பன் என்பது யோவான்னெஸ், சூசை என்பது யோசேப்புஸ். இதை எழுதிக்கொண்டு, வார நாளில் காலைப் பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் அனுமதி கேளுங்கள். ஞாயிறு வேண்டாம், கல்யாண ஓலை, அதாவது கோயிலில் வாசிக்கும் திருமண அறிவிப்பு, கொடுக்க வருபவர்கள் கூட்டம்.

பிறந்த வருஷம் தெரியாதா? கல்யாணப் பதிவிலிருந்து பின்னோக்கி வாருங்கள். ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்கும் ஞானத்தகப்பன் பேரையும் குறித்துக்கொள்ளுங்கள். தாத்தாவுக்கு அவர் பக்கத்து வீட்டுக் கட்டுமரக்காரர். அந்தக் குடும்பத்தை இன்றும் சொந்தம் என்கிறோமே, காரணம் அங்கேதான் தெரிந்தது. எச்சில் தொட்டுப் புரட்டாதீர்கள், தாள் பொடிந்துவிடும்.