சுடுநீர்த் தடத்துக்கு எந்தக் குழாய்?
குளியலறையைப் புதுப்பிக்கும்போது, விலை குறைவு என்பதற்காகச் சாதாரண பிவிசி குழாயையே கீசரிலிருந்து வரும் சுடுநீருக்கும் பதித்துவிடுவது, பின்னாளில் சுவரையும் டைல்ஸையும் உடைக்க வைக்கும் தவறாகும். பிவிசி ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் உறுதி இழந்து வளையத் தொடங்கும். குளோரின் கூடுதலாகச் சேர்க்கப்பட்ட சிபிவிசியோ 90 டிகிரி வரை தாங்கும். ஆகவே, கூடுதல் விலையைச் சுடுநீர்த் தடத்துக்கு மட்டும் செலவிட்டு, குளிர்நீருக்கு யுபிவிசியை (நெகிழ்வூட்டி சேர்க்காத கடினமான பிவிசி) பயன்படுத்துவதே என் பார்வையில் சரியான சிக்கனம்.

வாங்கும்போது சிபிவிசி குழாயின் மீது ஐஎஸ் 15778 என்ற இந்தியத் தர எண் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இணைப்புகளுக்குச் சிபிவிசிக்கு உரிய பசையையே பூசச் சொல்லுங்கள். பிவிசி பசையால் ஒட்டிய இணைப்பு சுடுநீரில் நாளடைவில் கசியக்கூடும். சுவரைப் பூசி மூடுவதற்கு முன் அழுத்தச் சோதனை செய்யுமாறு பிளம்பரிடம் தயங்காமல் கேளுங்கள்.